வரைபடத்தில் தப்பிய மரங்கள்

கட்டுமானத் திட்டங்களின் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் படிப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. ஓடைக்கரையில் வீடுகளோ கிடங்கோ கட்டப்போகிறார்கள் என்றால், அந்த அறிக்கையில் ஒரு தாள் கட்டாயம் இருக்கும். மேலிருந்து பார்த்தபடி வரைந்த மனை, நடுவே நீலக் கோடாக ஓடை, அதன் இருபுறமும் மரங்களைக் குறிக்கும் சின்னச் சின்ன வட்டங்கள். வெட்டப்போகும் மரத்துக்குச் சிவப்பு, நிற்கப்போகும் மரத்துக்குப் பச்சை. கூட்டத்தில் அந்தத் தாளைத் திரையில் போட்டதும் எல்லோரும் சிவப்பைத்தான் எண்ணுவார்கள். எத்தனை போகிறது, பதிலுக்கு எத்தனை நடுவீர்கள் என்று ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். கடைசியில் நாலு சிவப்பைப் பச்சையாக மாற்றிக் கொடுத்தால் எல்லோரும் திருப்தியாகக் கலைந்துபோவார்கள்.

எனக்குக் கவலை பச்சை வட்டங்களைப் பற்றித்தான். வெட்டிய மரம் கணக்கில் வந்துவிடுகிறது, அதற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். காப்பாற்றியதாக எழுதப்பட்ட மரம் சில வருடம் கழித்து நின்ற நிலையில் காய்ந்துபோனால் அது யார் கணக்கிலும் வராது. வறட்சி, வயசு, பூச்சி என்று ஏதாவது ஒன்றின் தலையில் பழி விழும். அதற்குள் கட்டியவர் விற்றுவிட்டுப் போயிருப்பார், அனுமதி கொடுத்த அதிகாரி இடம் மாறியிருப்பார். ஓடைக்கும் இதே கதைதான். 'ஓடை தொடப்படவில்லை' என்று அறிக்கை சொல்லும். அது பொய்யும் இல்லை. ஓடையைத் தொடாமலே ஓடையைக் கொல்ல முடியும் என்பதுதான் விஷயம்.

முதலில் மரம். பச்சை வட்டம் பெரும்பாலும் கிளைகள் விரிந்த அகலத்துக்கு வரையப்பட்டிருக்கும். சில சமயம் அதுகூட இல்லை, மென்பொருளில் கைக்குக் கிடைத்த ஒரு வட்டத்தை அடிமரம் இருக்குமிடத்தில் ஒட்டியிருப்பார்கள். மண்ணுக்கு அடியில் இருப்பது வேறு அளவு. மேலே கிளை பரவியிருக்கும் அதே உயரத்துக்கு வேரும் கீழே இறங்கியிருக்கும் என்றுதான் பலர் மனதில் படம் வைத்திருக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான மரங்களின் வேரில் பெரும்பகுதி மேல்மட்டத்து 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் படர்ந்து, கிளைநுனியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். வேருக்கும் மூச்சு வேண்டும், காற்று மேல்மண்ணில்தான் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு கட்டுமான இடத்தை நினைத்துப் பாருங்கள். ஈரமான மண்ணில் லாரி ஏறி இறங்கினால் மண்துகள்களுக்கு இடையே இருக்கும் காற்றுப்பை நசுங்கிவிடும். நூறு தடவை போக வேண்டியதில்லை, முதல் சில தடவையிலேயே பாதிப்பில் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடும். அப்புறம் அந்த மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. மரத்தடி நிழலாக இருப்பதால் கம்பிக்கட்டும் செங்கலும் அங்கேதான் அடுக்கப்படும். வண்டி நிற்பதும் அங்கேதான், ஆட்கள் மதியம் உட்காருவதும் அங்கேதான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது, வெயிலில் வேறு எங்கே போவார்கள்?

அதைவிட மோசம், மண் நிரப்புவது. மனையைச் சமப்படுத்தும்போது மரத்தைச் சுற்றி ஒரு ஜாண் உயரத்துக்கு மண் ஏறிவிடும். மரத்தின் மேல் கோடாரி படவில்லை, ஒரு கிளை ஒடியவில்லை, மண்தானே என்று தோன்றும். ஆனால் கீழே இருக்கும் வேருக்கு மூச்சு அடைக்கும். அடிப்பட்டை நிரந்தரமாக ஈரத்தில் புதைந்து அழுக ஆரம்பிக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நிபுணராக இருக்கத் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு பெரிய மரத்தின் அடியைக் கவனியுங்கள். தண்டு தரையைத் தொடும் இடத்தில் யானையின் பாதம்போல அகன்று, வேர்களாகப் பிரிந்து மண்ணுக்குள் போகும். அந்த அகலமே தெரியாமல், மின்கம்பம் நட்டதுபோல் தண்டு நேராக மண்ணுக்குள் போனால், அங்கே யாரோ மண் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கையால் கொஞ்சம் தோண்டினாலே பழைய தரைமட்டம் தட்டுப்படும்: கறுத்த மக்கு மண், பழைய சருகு, அதற்கு மேல் வேறு நிறத்தில் புது மண். பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சைக்குப் பதில் பழுப்பு. அந்த மரத்தில் அப்போதும் இலை இருக்கும், பூக்கும், சில சமயம் வழக்கத்தைவிட அதிகமாகவே காய்க்கும். உச்சிக்கிளை நுனியில் மட்டும் இலை சிறுத்திருக்கும். திறப்புவிழாப் புகைப்படத்தில் இதெல்லாம் தெரியாது.

சரி, எவ்வளவு தூரம் விட வேண்டும்? இதற்குப் பல நாடுகளில் எழுதிவைத்த கணக்கு இருக்கிறது. பிரிட்டனின் பிஎஸ் 5837 தரநிலையும் ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 4970 தரநிலையும் அடிமரத்தின் விட்டத்தைப் 12 ஆல் பெருக்கி, அந்த ஆரத்துக்கு வட்டம் போடச் சொல்கின்றன. இரண்டிலும் உச்சவரம்பு 15 மீட்டர். ஜெர்மனியின் டிஐஎன் 18920 கிளைநுனிக்கு வெளியே எல்லாப் பக்கமும் இன்னும் ஒன்றரை மீட்டர் என்கிறது. இங்கிலாந்தில் முதுமரங்களுக்கு அரசு சொல்லும் இடைவெளி இன்னும் பெரியது: விட்டத்தைப் போல் 15 மடங்கு, அல்லது கிளைநுனியைத் தாண்டி 5 மீட்டர், இரண்டில் எது அதிகமோ அது. 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு 12 மடங்குக் கணக்கைப் போட்டால் 7.2 மீட்டர் ஆரம் வருகிறது. குறுக்கே அளந்தால் ஏறக்குறைய பதினாலரை மீட்டர் அகலத்துக்கு வண்டி போகக்கூடாது, குழி வெட்டக்கூடாது, மண் போடக்கூடாது. இந்த வட்டத்தை மனையின் வரைபடத்தில் அதே அளவுகோலில் வரைந்து காட்டுங்கள் என்று கேட்டால் அறையில் சட்டென்று அமைதி வரும். தப்பியதாகச் சொன்ன மரங்களில் பாதிக்கு மேல் அந்த வட்டத்துக்குள் பாதையோ சுவரோ குழாயோ போய்க்கொண்டிருக்கும்.

அதற்காகத் திட்டத்தையே மூட்டைகட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடித்தளத்தைத் தொடர்ச்சியான பள்ளமாக வெட்டாமல், வேருக்கு இடையே தூண்கள் இறக்கி மேலே உத்தரம் போட்டால் வீடும் நிற்கும், மரமும் நிற்கும். நடைபாதையை மண்ணைத் தோண்டாமல், தரைக்கு மேலே தேனடைபோல் அறை அறையாக இருக்கும் வலை விரித்து, அதில் பொடிமண் இல்லாத ஜல்லி நிரப்பிப் போடலாம், நீரும் காற்றும் உள்ளே இறங்கும். குழாயை வேருக்குக் கீழே துளையிட்டுக் கொண்டுபோகலாம். அழுத்தக் காற்றால் மண்ணை மட்டும் ஊதி அகற்றி, வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வேலை செய்யும் கருவி இருக்கிறது. எல்லாம் தெரிந்த தொழில்நுட்பம்தான். கொஞ்சம் கூடுதல் செலவு, நிறைய முன்யோசனை, அவ்வளவுதான்.

கட்டி முடித்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது, இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கலிபோர்னியாவில் கோடையில் மழையே இல்லாத நிலத்துக்குப் பழகிய ஓக் மரங்கள் நிறைய உண்டு. அவற்றைப் பத்திரமாக விட்டுவிட்டு, அடியில் அழகாகப் புல்தரை போட்டு, கோடை முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் வேர்ப்பூஞ்சைக்குக் கொண்டாட்டம், மரம் அடியோடு அழுகி ஒருநாள் சாயும். உள்ளூர் மரம் என்றால் அந்த மண்ணின் ஈரம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் பழகிய மரம். அன்பு மிகுந்து தண்ணீர் ஊற்றினாலும் அதற்கு ஆகாது.

இனி ஓடை. மரமும் ஓடையும் அறிக்கையில் தனித்தனி அத்தியாயங்களாக வரும், தனித்தனி நிபுணர்கள் எழுதியிருப்பார்கள். நிலத்தில் அப்படிப் பிரிவு கிடையாது. 1973 இல் ஃபிஷர், லைகன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பேர் புரூக் என்ற சிற்றோடையின் வரவுசெலவை எழுதினார்கள். பணம் இல்லை, சக்தி. அந்த ஓடையில் வாழும் உயிர்களுக்குப் போகும் சக்தி எங்கிருந்து வருகிறது என்று அளந்தபோது, 99 சதவீதத்துக்கும் மேல் கரைக்கு வெளியிலிருந்து, காட்டிலிருந்து வருவது தெரிந்தது. நிழல் மூடிய ஓடையில் பாசி வளர வெளிச்சம் போதாது. உதிர்ந்த இலையும் சுள்ளியும்தான் சாப்பாடு. இலையைக் கிழித்துத் தின்னும் புழு, அந்தத் துணுக்கை வடிகட்டித் தின்னும் இன்னொரு பூச்சி, இரண்டையும் தின்னும் மீன். கரையில் இருக்கும் மரத்தை எடுத்தால் ஓடையின் அடுப்பை அணைத்ததாக ஆகும். நிழலும் போகும், தண்ணீர் சூடாகும், சூடான தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும்.

அதனால்தான் கரையிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். அந்த எண்ணைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள்: பத்தா, இருபதா, முப்பதா? நான் முதலில் பார்ப்பது, எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதை. ஓடையின் நடுக்கோட்டிலிருந்தா, நீர் ஓடும் விளிம்பிலிருந்தா, கரையின் மேல்விளிம்பிலிருந்தா, கரைமரங்களின் கிளைநுனியிலிருந்தா? ஆழமாக வெட்டிக்கொண்டு ஓடும் ஓடையில் நடுக்கோட்டுக்கும் கரையின் மேல்விளிம்புக்குமே பத்து மீட்டர் இருக்கலாம். நடுக்கோட்டிலிருந்து பதினைந்து மீட்டர் என்று எழுதினால், தாராளமாகக் கொடுத்தமாதிரியும் இருக்கும், கரையில் ஐந்து மீட்டர் மண்தான் மிச்சமிருக்கும்.

இன்னொன்று, ஓடை ஒரே இடத்தில் கிடப்பதில்லை. வளைவின் வெளிப்பக்கம் கரையை அரித்து உள்பக்கம் மணலைப் போட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். இன்று தாளில் உள்ள நீலக் கோடு இன்றைய ஓடை மட்டுமே. நகர இடம் விடாமல் கட்டிவிட்டால், பத்துப் பதினைந்து வருடத்தில் சுவரை ஓடை நெருங்கும், அவசரம் என்று கருங்கல் கொட்டிக் கரையைக் கட்டுவார்கள். கல்லில் மோதிய வேகம் எங்கேயும் போய்விடாது, எதிர்க்கரையிலோ அடுத்த வளைவிலோ மண்ணைப் பறிக்கும். அங்கே இருப்பவரும் கல் கொட்டுவார். இப்படியே கீழே வரை. கரையைப் பிடித்து வைக்கத்தான் வேண்டும் என்றால், சரிவைக் குறைத்து, தழையக்கூடிய பச்சைக் குச்சிகளை நெருக்கமாகச் செருகி, தென்னைநார் விரிப்பு போட்டு, வேரையே கம்பியாக்கும் முறை இருக்கிறது. மெதுவாகத்தான் பலன் தரும், ஆனால் கல்லைப்போல் பக்கத்து வீட்டுக்குப் பிரச்சினையைத் தள்ளிவிடாது.

ஆனால் இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஓடை செத்துப்போகும் வழி ஒன்று உண்டு, அது மழைநீர் வடிகால். திறந்த மண்ணில் பெய்யும் மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கி, நாட்கணக்கில், மாதக்கணக்கில் ஊறி ஓடைக்கு வரும். கூரையும் தாரும் போட்ட இடத்தில் அது சில நிமிடத்தில் குழாய் வழியாக ஓடையில் கொட்டும். முன்பு வருடத்துக்கு ஓரிரு முறை வந்த வெள்ளம் இப்போது ஒவ்வொரு சாதாரண மழைக்கும் வரும். ஓடை தன் படுகையைத் தானே தோண்டிக்கொண்டு கீழே இறங்கும். கரைமரங்களின் வேர் அந்தரத்தில் தொங்கும், நிலத்தடி நீர்மட்டம் ஓடையோடு சேர்ந்து இறங்கும், மழையில்லாத மாதங்களில் ஓடை வறண்டுகிடக்கும். 1994 இல் டாம் ஷூலர் என்ற அமெரிக்க வல்லுநர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்குச் சொன்னார்: நீர்பிடிப்புப் பகுதியில் சுமார் 10 சதவீதம் நீர் இறங்காத பரப்பாக மாறும்போதே ஓடையில் சிதைவு தெரிய ஆரம்பிக்கிறது, 25 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் அது வடிகாலாகவே மாறிவிடுகிறது. இந்த எண்களைக் கல்லில் எழுதிய விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் 10 என்பது எவ்வளவு சின்ன எண் என்று யோசித்துப் பாருங்கள். வழக்கமான குடியிருப்பு மனைப்பிரிவு எதுவும் அதற்குள் அடங்காது.

மெல்பர்னில் கிறிஸ் வால்ஷ் என்ற ஓடை ஆய்வாளரும் அவரோடு வேலைசெய்தவர்களும் இதை இன்னும் கூர்மையாகக் கேட்டார்கள். பிரச்சினை தார் எவ்வளவு என்பதா, அந்தத் தாரிலிருந்து ஓடைக்கு நேரடியாகக் குழாய் போகிறதா என்பதா? அவர்களுடைய பதில் இரண்டாவது. அப்படியென்றால் குழாயின் தொடர்பை அறுத்தால் ஓடை பிழைக்குமா என்று பார்க்க, நகரின் கிழக்குப் பக்கத்தில் லிட்டில் ஸ்ட்ரிங்கிபார்க் ஓடைக்கு மேலே இருக்கும் வீடுகளில் மழைநீர்த் தொட்டிகளும், கூரைநீர் இறங்கி ஊறும் செடிப்பாத்திகளும் வைத்தார்கள். ஓடையில் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல், ஓடையைக் குணப்படுத்த வீட்டுக் கூரைகளுக்குப் போனார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்துக் கதை இதைவிட அதிர்ச்சியானது. கடலிலிருந்து முட்டையிட நகர ஓடைகளுக்கு ஏறிவந்த கோஹோ சால்மன் மீன்கள், மழை பெய்ததும் சில மணி நேரத்தில் தடுமாறி, வாயைப் பிளந்து, முட்டையிடாமலே செத்து மிதந்தன. ஓடைகளை லட்சக்கணக்கில் செலவழித்துச் சீரமைத்திருந்தார்கள், மரம் நட்டிருந்தார்கள், மீன் ஏறத் தடைகளை எடுத்திருந்தார்கள். மீனும் நம்பி வந்தது, வந்து செத்தது. சாலையிலிருந்து வரும் மழைநீர்தான் கொல்கிறது என்று புரிந்தது, ஆனால் அதில் எந்தப் பொருள் என்று பல வருடம் பிடிபடவில்லை. 2020 டிசம்பரில்தான் தெரிந்தது: கார் டயரின் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற ரசாயனம் ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது, அதுதான் விஷம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் நடந்தது. கொலைகாரன் யாரென்று தெரிவதற்குச் சில வருடம் முன்பே, அதே சாலைநீரை மணலும் மக்கும் கலந்த மண்ணில் வடியவிட்டு அதில் மீனை விட்டுப் பார்த்தார்கள். மீன் பிழைத்துக்கொண்டது. ரசாயனத்தின் பெயர் தெரியாமலே அதற்கு மருந்து தெரிந்துவிட்டது, அந்த மருந்து ஒரு பாத்தி மண்.

ஆகவே அறிக்கையில் 'மழைநீர் முறைப்படி அருகிலுள்ள ஓடையில் வெளியேற்றப்படும்' என்ற வரியைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. அதை ஒரு சாதனையாக வேறு எழுதியிருப்பார்கள்.

ஓடையைக் கடக்கும் பாதை பற்றிச் சுருக்கமாக. குழாய் போட்டு மேலே மண் மூடுவதுதான் மலிவு, அதைத்தான் முதலில் கேட்பார்கள். குழாய்க்குள் தண்ணீர் வேகமெடுக்கும், மறுமுனையில் குழி பறித்து அருவியாக விழும், மீனும் தவளையும் மேலே ஏற முடியாது. வாஷிங்டன் மாநிலத்தில் சாலைகளுக்குக் கீழே இருந்த இப்படிப்பட்ட குழாய்கள் சால்மனின் வழியை அடைத்ததால், 1850களில் தங்களோடு செய்த உடன்படிக்கை மீறப்படுகிறது என்று 21 பூர்வகுடி இனத்தவர்கள் வழக்காடினார்கள். 2013 இல் நீதிமன்றம் மாற்றச் சொன்னது, 2018 இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் 4-4 என்று சமமாகப் பிரிந்ததால் அந்த உத்தரவு நிலைத்தது. அன்று மிச்சம்பிடித்த செலவு பிறகு கோடிக்கணக்கில் திரும்பி வந்தது. ஓடையின் முழு அகலத்தையும் கரையோடு சேர்த்துத் தாண்டும் பாலம், அடியில் இயற்கையான படுகை, ஓரத்தில் விலங்கு நடக்கக் காய்ந்த தரை, இதுதான் சரி. அதைவிடச் சரியானது, அந்தப் பாதை ஓடையைக் கடக்கத்தான் வேண்டுமா என்று கேட்பது.

வேலை நடக்கும் மாதங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக விதி இருக்கிறது, நடப்பது பெரும்பாலும் மேற்பார்வையாளரின் குணத்தைப் பொறுத்தது. பறவை கூடுகட்டும் காலத்தில் புதர் வெட்டாதிருப்பது, மழைக்காலத்தில் கரையைத் திறந்துபோடாதிருப்பது, வண்டல் தடுப்புத் துணியின் அடிவிளிம்பை மண்ணுக்குள் புதைத்து வைப்பது, இதெல்லாம் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாதது கான்கிரீட் கழுவிய தண்ணீர். பார்க்கப் பால் கலந்தமாதிரிச் சாதுவாக இருக்கும். அதன் காரத்தன்மை பிஎச் 12க்கு மேல், மீனின் செவுளை எரிக்கப் போதும். கலவை வண்டி வேலை முடிந்ததும் சரிவின் ஓரமாக நின்று தொட்டியைக் கழுவும், கழுவிய நீர் பள்ளம் பார்த்துப் போகும், பள்ளம் என்றால் ஓடைதான். கசிவில்லாத ஒரு கழுவுகுழியை முதல் நாளே தோண்டி, வண்டி ஓட்டுநருக்குக் கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் முடிந்தது.

வேலியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மரங்களைச் சுற்றி ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வலை கட்டுவார்கள். நான் பார்த்துவந்த ஒரு திட்டத்தில், ஒவ்வொரு முறை போகும்போதும் அந்த வலை அடிமரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பொருள் இறக்க இடம் தேவைப்பட்டது, இன்னொருநாள் வண்டி திரும்ப. யாரும் அதை மீறல் என்று நினைக்கவே இல்லை, வலைதானே, பிறகு நகர்த்திக்கொள்ளலாம் என்றார்கள். அன்றிலிருந்து நான் பிளாஸ்டிக் வலையை ஒப்புக்கொள்வதில்லை. தரையில் அடித்த இரும்புக் குழாயில் கட்டிய கம்பிவேலி, நகர்த்த வேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி. முகத்தில் அடித்தமாதிரி இருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

இப்போது பதிலுக்கு நடுவது. ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்குப் பத்து என்று எண் சொல்லும்போது கேட்க இனிக்கும். 2014 இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று 403 மர இனங்களை அளந்து, பெரும்பாலானவற்றில் மரம் பெரிதாக ஆக ஆக வருடத்துக்குச் சேர்க்கும் எடையும் கூடிக்கொண்டே போகிறது என்று காட்டியது. கிழட்டு மரம் ஓய்ந்துபோய் நிற்கிறது என்பது நம் கற்பனை. பொந்து விழவே பல மரங்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும், ஆஸ்திரேலியாவின் மவுன்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரத்தில் அந்தப் பொந்தை நம்பித்தான் லெட்பீட்டர் போசம் என்ற சின்ன விலங்கு உயிர்வாழ்கிறது. பத்துக் கன்றில் ஒரு பொந்துகூட இல்லை. சதுப்புநிலங்களை அழித்ததற்கு ஈடாக வேறிடத்தில் உருவாக்கும் ஏற்பாட்டை அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் குழு 2001 இல் பரிசீலித்து, 'நிகர இழப்பு இல்லை' என்ற இலக்கு எட்டப்படவில்லை என்று எழுதியது. எல்லா ஈடும் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. தாளில் எழுதிய ஈடும் நிலத்தில் இருக்கும் ஈடும் ஒன்றில்லை.

நடுவதிலேயே ஆபத்தும் இருக்கிறது. 2012 இல் கலிபோர்னியாவின் மான்டரே பகுதியில், உள்ளூர்ச் செடிகள் வளர்க்கும் நாற்றங்கால் ஒன்றில் ஃபைட்டாப்தோரா டென்டகுலேட்டா என்ற வேரழுகல் நோய் அமெரிக்காவில் முதன்முறையாகத் தென்பட்டது. பின்னால் தேடிப் பார்த்தபோது, சீரமைப்புக்காகச் செடி நட்ட காட்டிடங்களிலும் அது இருந்தது. நல்லெண்ணத்தோடு கன்று வாங்கி நட்டவர்கள் தொட்டி மண்ணோடு நோயையும் நட்டிருக்கிறார்கள். அந்த ஓடையின் பக்கத்திலேயே விதை பொறுக்கி, சுத்தமான ஊடகத்தில், தரையைத் தொடாத மேசையில் வளர்த்த கன்று வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டி முடித்த பிறகு மாதக் கடைசியில் லாரியில் கன்று இறக்கினால் அது நடக்காது.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் விதிகள் 1978 இலேயே வரிசையை எழுதிவிட்டன: முதலில் பாதிப்பைத் தவிர், அப்புறம் குறை, அப்புறம் கெட்டதைச் சரிசெய், காலப்போக்கில் பராமரி, கடைசியாக ஈடுகொடு. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து பெரும்பாலான பெரிய திட்டங்கள் உயிர்ச்சூழலைப் பழையதைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும், 30 வருடம் பராமரிக்க வேண்டும். முதுமரங்கள்போல ஈடே செய்ய முடியாதவை அந்தக் கணக்கில் சேராது, அவற்றை அழித்துவிட்டு எண்ணால் சமன்செய்ய முடியாது. அந்த ஒரு பிரிவுக்காகவே எனக்கு அந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை. மற்றபடி எந்த நாட்டுத் திட்டத்தை எடுத்தாலும், வரிசையின் முதல் படியை ஒரு பத்தியில் முடித்துவிட்டு, கடைசிப் படிக்கு நாற்பது பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். தவிர்ப்பது என்றால் வரைபடத்தை மாற்ற வேண்டும். ஈடு என்றால் காசோலை எழுதினால் போதும்.

கட்டுபவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அனுமதிக்கு வரும்போது வரைபடம் நாலைந்து முறை திருத்தப்பட்டு, வங்கிக்கடன் எடுத்து, வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கட்டடத்தை ஆறு மீட்டர் நகர்த்து என்றால் கோபம் வரத்தான் செய்யும். மனையை வாங்கிய வாரத்திலேயே, கட்டடக் கலைஞர் பென்சில் எடுப்பதற்கு முன், மரமறிந்த ஒருவரும் ஓடையறிந்த ஒருவரும் நடந்து பார்த்துத் தொடக்கூடாத இடத்தை வரைந்து கொடுத்துவிட்டால், அதே ஆறு மீட்டருக்குக் காலணாச் செலவில்லை. இதை ஒரு கட்டுநரிடம் சொன்னபோது, "அப்பவே ஏன் சார் யாரும் சொல்லல?" என்று கேட்டார். விதிப்படி எங்களைக் கூப்பிடுவதே வரைபடம் முடிந்த பிறகுதான் என்றேன்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக்குப் போகிறவர்கள் என்ன கேட்கலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேர் வட்டத்தை அளவோடு வரையச் சொல்லுங்கள். தரைமட்டம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்ற தாளைக் கேளுங்கள். ஐந்து வருடம் கழித்து நட்டது செத்தால் யார் காசில் மறுபடி நடுவது, அந்தக் காசு இப்போதே வைப்புத்தொகையாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு தாள்தான் பார்க்கக் கிடைக்கும் என்றால் நான் கேட்பது கழிவுநீர்க் குழாய் வரைபடத்தை. சாக்கடை தன் பாட்டில் வழிந்து ஓட வேண்டும், பள்ளம் வேண்டும், மனையிலேயே பள்ளமான இடம் ஓடைக்கரை. கட்டடத்தை எவ்வளவு தூரம் தள்ளி வைத்தாலும், குழாய் மட்டும் கரைமரங்களின் வேர் வழியாக, ஓடைக்கு இணையாக, நீளத்துக்கும் போகும். ஆள்குழிக்கு வண்டி வரப் பாதை வேண்டும் என்று அதன் மேல் ஒரு சாலையும் வரும். அந்தத் தாளைப் பெரும்பாலும் அறிக்கையோடு இணைத்திருக்க மாட்டார்கள். அனுமதிக்குப் பிறகு தயாராகும் என்பார்கள். முன்பே தயாரிக்கச் சொல்லுங்கள். குழாயைச் சாலைப் பக்கம் திருப்பி, தேவைப்பட்டால் ஒரு சின்ன நீரேற்றும் பம்பு வைத்துச் சமாளிக்க முடியுமா என்பது தாளில் மாற்றும்போது ஒரு மதியநேர வேலை. பள்ளம் வெட்டிய பிறகு அதைக் கேட்க ஆளே இருக்க மாட்டார்கள்.